கிளட்ச் மிதி இல்லாத லாரி

தர்மபுரியில் சேலம் ரோட்டோரம் லாரி ஒர்க்‌ஷாப்கள் வரிசையாக இருந்த காலத்தில், கியர் பாக்ஸில் சத்தம் என்று எந்த வண்டி வந்தாலும் மற்ற மெக்கானிக்குகள் கையைத் துடைத்துக்கொண்டு, "பாய் ஷெட்டுக்கு ஓட்டிட்டுப் போ" என்று சொல்லிவிடுவார்கள். பாய் என்றால் நூர் பாஷா. கடத்தூரில் தகர வாளியும் புனலும் அடித்து விற்றுக்கொண்டிருந்தவரின் மூன்றாவது மகன். சின்ன வயதிலேயே சேலத்துக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு, தர்மபுரிக்கு வந்து சொந்தமாக ஷெட் போட்டவர். எண்பத்து மூன்றாம் வருஷம் அவருக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி ஷகிலா, இரண்டு பெண் குழந்தைகள், கோட்டைப் பக்கம் ஒரு வாடகை வீடு.

அவர் வேலை செய்யும் முறையே வேறு. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் பிரிக்க மாட்டார். டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "ஒரு ரவுண்டு போ" என்பார். கியர் லீவர்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். லீவர் வழியாக வருகிற அதிர்விலேயே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, எந்த பேரிங் போயிருக்கிறது என்று அவருக்குப் பிடிபட்டுவிடும். இறங்கியதும் சொல்வார். சொன்னது பெரும்பாலும் தப்பாது. அதில் அவருக்கு ஒரு கர்வமும் உண்டு. அதை அவர் மறைத்ததில்லை.

அந்த வருஷம் மாவட்டமே காய்ந்து கிடந்தது. இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. ஏரிகளில் வெடிப்பு விழுந்து, மாடுகள் வந்த விலைக்குப் போய்க்கொண்டிருந்தன. அப்போது ஒரு கிறிஸ்தவ மிஷன், கிராமங்களில் இலவசமாக போர்வெல் போட்டுக் கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஒரு லாரியை வரவழைத்திருந்தது. பெரிய டீசல் லாரி. முதுகில் துளை போடும் இயந்திரம். முழு எடையோடு மலையேறவும், நின்ற இடத்திலிருந்து இழுத்துக்கொண்டு கிளம்பவும் என்றே தனியாகச் செய்யப்பட்ட ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் அதில் இருந்தது. வேறு நாட்டில் வருஷக்கணக்காக உழைத்துக் களைத்த பிறகுதான் அது இங்கே வந்து சேர்ந்தது. ஓட்டியவர் சவுரியப்பன். கோவிலூர்க்காரர், நூர் பாஷாவுக்குப் பழைய சிநேகிதர். "கிளட்ச் மிதியே கெடையாது பாய். ஆக்சிலேட்டர அமுக்கினா அதுவே கியர் மாத்திக்குது. சோம்பேறிக்குன்னே செஞ்ச வண்டி" என்று டீக்கடையில் வைத்துப் பெருமையடித்துக்கொள்வார்.

மாசி மாதத்தில் ஒருநாள் அந்த லாரியை இரண்டு டிராக்டர்கள் சங்கிலி போட்டு இழுத்துவந்து நூர் பாஷாவின் ஷெட் முன்னால் நிறுத்தின. பென்னாகரம் பக்கம் ஒரு மேட்டில் ஏறும்போது எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்க வண்டி நகராமல் நின்றுவிட்டதாம்.

"மிஷன் சாமியார் பார்ட்ஸுக்கு எழுதிப் போட்டிருக்காரு. கப்பல்ல வரணும், கஸ்டம்ஸ்ல அவுக்கணும். எப்ப வருமோ" என்றார் சவுரியப்பன். "அதுவரைக்கும் ஓட்டற மாதிரி எதாச்சும் பண்ண முடியுமா, பாய்?"

நூர் பாஷா வழக்கம்போல டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கையை எதன்மேல் வைப்பது என்று தெரியவில்லை. லீவர் இருந்த இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு குமிழ். அதில் எந்த அதிர்வும் இல்லை. கீழே இறங்கி எண்ணெயை ஒரு விரலில் தொட்டு முகர்ந்தார். கருகிய வாடை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் யாரும் அவரைக் குறைவாக நினைத்திருக்க மாட்டார்கள்.

"பிரிச்சுப் பாக்கறேன்" என்றார்.

பிரித்துப் பார்த்து விஷயம் புரிந்துகொள்ளவே பல நாள் ஆனது. இந்தப் பெட்டியில் எல்லாமே எண்ணெய்தான். பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தத்தில் வட்டத் தட்டுகள் கட்டுக்கட்டாக ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும். எந்தக் கட்டு பிடிக்கிறதோ அந்த கியர் விழும். தட்டுகளின்மேல் ஒட்டியிருந்த லைனிங் முழுக்கத் தேய்ந்து, இரும்பும் இரும்பும் உரசி நீலம் பாரித்திருந்தன. எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் சீல்கள் காய்ந்த தோல்போல விறைத்து, தொட்டால் ஒடிந்தன. இதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு சாதாரண லாரியின் கியர் பாக்ஸை மாட்டிவிடலாமா என்றும் அளந்து பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. துளை போடும் இயந்திரத்துக்கும் சக்தி இந்தப் பெட்டியிலிருந்துதான் போனது. லாரியை மாடு கட்டி இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினாலும் இந்தப் பெட்டி செத்திருந்தால் துளை விழாது.

அந்த நாட்களில்தான் தீர்த்தகிரி ஷெட்டுக்கு வர ஆரம்பித்தார்.

நல்லம்பள்ளிக்கு மேற்கே, கரட்டு மேட்டில் கல்லுப்பள்ளம் என்று ஒரு சிற்றூர். தீர்த்தகிரி அந்த ஊர் விவசாயி. லாரி நின்றுபோகாமல் இருந்திருந்தால் அடுத்ததாக அவர்கள் ஊருக்குத்தான் வந்திருக்க வேண்டும். சாமியார் வந்து பார்த்து, துளை போடுகிற இடத்தில் சுண்ணாம்பால் அடையாளமும் போட்டுவிட்டுப் போயிருந்தார். தர்மபுரிக்கு ஏதாவது வேலையாக வரும்போதெல்லாம் தீர்த்தகிரி ஷெட்டுக்கு வந்து, பிரித்துப் பரப்பிய சாமான்களுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொள்வார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அவசரப்படுத்தியதே இல்லை.

"இத்தினி சாமானும் அதுக்குள்ளாற இருந்துதுங்களா?"

"ஆமாங்க கவுண்டரே."

"திரும்பி வெச்சுருவீங்களா?"

"வெச்சுருவேன். நல்ல சாமானா வெக்கணும், அதான் கஷ்டம்."

"ஊர்ல கெணத்துக்குள்ள எறங்கித்தானுங்க மொண்டுக்கிட்டு வராங்க பொம்பளைங்க. அடியில ஒரு ஊத்து இருக்குது. கண்ணு மாதிரி இத்துனூண்டு. ஒரு கொடம் ரொம்பறதுக்குள்ள வெயில் ஏறிருது." இதைக் குறையாகச் சொல்ல மாட்டார். நேற்று யாரோ வந்துபோனார்கள் என்பதுபோலச் சொல்வார். பிறகு எழுந்து, "வரனுங்க பாய்" என்று பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

நூர் பாஷா தட்டுகளை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போனார். லாரி கிளட்சுக்கு லைனிங் ஒட்டுகிற ஒரு பட்டறையில் கொடுத்து ஒட்டி வாங்கி வந்தார். சீல்களை ஓசூரில் ரப்பர் வேலை செய்யும் ஒருவரிடம் அச்சு எடுத்துச் செய்யச் சொன்னார். எல்லாவற்றையும் மாட்டி, எண்ணெய் ஊற்றியதும், சவுரியப்பன் வண்டியை எடுத்தார். ரோட்டுக்கு ஏறியது. அதியமான்கோட்டை வரைக்கும்கூடப் போகவில்லை. மறுபடி உறுமல், மறுபடி நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் ஒட்டிய லைனிங் கொதிக்கிற எண்ணெயில் பசை விட்டு, ஊறிய அப்பளம்போலத் துண்டு துண்டாகக் கழன்று கிடந்தது. காய்ந்த இடத்தில் வேலை செய்யும் சரக்கை எண்ணெய்க்குள் போட்டது தன்னுடைய முட்டாள்தனம் என்று அவருக்குப் புரிந்தது. பட்டறைக்காரரைக் குறை சொல்லவில்லை.

அந்த வாரம் தீர்த்தகிரி வந்தபோது நூர் பாஷா லாரிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. வந்தவர் கொஞ்ச நேரம் லாரியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, "பாய் வேலையா இருக்காரு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனது கேட்டது.

வேறு வண்டிகள் வருவது குறைந்தது. ஷெட்டில் இந்த லாரி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது ஒரு பக்கம். நூர் பாஷாவின் மனசை அடைத்துக்கொண்டிருந்தது இன்னொரு பக்கம். வீட்டில் ஷகிலா ஒருநாள் கேட்டாள்: "முடியலன்னு சொல்லிடுங்களேன். அல்லா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்."

"எறங்கிட்டேன், ஷகிலா."

"எதுல எறங்கிட்டீங்க? அது வண்டிதானே?"

அவர் தட்டத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஒருநாள் பக்கத்து ஷெட்டில் ஒரு புல்லட்டின் கிளட்சைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அந்தத் தட்டுகள் எண்ணெயில் முழுகியபடியே வேலை செய்கிறவை. அதில் பதித்திருந்தது கார்க். நூர் பாஷா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். பசிக்கிறவன் சோற்றைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார் என்று சவுரியப்பன் பிற்பாடு சொல்வார். மறுநாளே கார்க் ஷீட் தேடிச் சேலத்துக்குக் கிளம்பினார். வட்டமாக வெட்டி, தட்டில் பதித்து, பளுவுக்குக் கீழே வைத்து, ஒவ்வொன்றாக மட்டம் பார்த்துத் தேய்த்து எடுத்தார். அதில் வைகாசி போய்விட்டது.

லாரி ஓடியது. தர்மபுரியிலிருந்து நல்லம்பள்ளி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கியர் மாறும்போது ஒரு குதி குதித்தது, ஆனால் மாறியது. சவுரியப்பன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நூர் பாஷா தீர்த்தகிரிக்கு ஆள்மூலம் சொல்லி அனுப்பினார்: வண்டி வருகிறது.

அது நோன்பு மாதம். விடிவதற்கு முன்பே சஹர் சாப்பாடு முடித்து, தொழுதுவிட்டு, நூர் பாஷாவும் லாரியில் ஏறிக்கொண்டார். நல்லம்பள்ளி தாண்டி மேற்கே திரும்பியதும் தார் ரோடு முடிந்தது. கரட்டு மேல் கல்லும் சரளையுமாக வண்டிப்பாதை. வெயில் ஏறிவிட்டிருந்தது. முதல் மேட்டை லாரி ஏறியது. இரண்டாவது மேட்டில் பாதி போனதும் எஞ்சின் சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை. சவுரியப்பன் அவரைத் திரும்பிப் பார்த்தார். நூர் பாஷா முன்கண்ணாடி வழியாக மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். பிறகு காலுக்குக் கீழிருந்து புகை வந்தது. வண்டி நின்றது. பிரேக்கில் நின்றதைச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து நிலைநிறுத்தினார்கள்.

மேலே ஊர் தெரிந்தது. ஓட்டுக்கூரைகள், ஒரு வேப்பமரம், கூட்டமாக ஆட்கள். லாரி வருகிற சத்தம் கேட்டு வந்து நின்றவர்கள், அது நின்றதும் கீழே இறங்கி வர ஆரம்பித்தார்கள். கயிறு கொண்டுவந்தார்கள். இவ்வளவு பெரிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்க முடியாது என்று சவுரியப்பன் சொல்லியும் கேட்கவில்லை. ஆணும் பெண்ணுமாகப் பிடித்து இழுத்தார்கள். லாரி அசையவே இல்லை. தீர்த்தகிரி கயிற்றின் முன்முனையில் இருந்தார். மற்றவர்கள் விட்ட பிறகும் அவர் விடவில்லை.

"மேல ஏறினாலும் பிரயோஜனம் இல்லீங்க கவுண்டரே" என்று நூர் பாஷா அவர் தோளைத் தொட்டுச் சொன்னார். "உள்ள வெந்து போச்சு. தொள போட முடியாது."

தீர்த்தகிரி கயிற்றைக் கீழே வைத்தார். அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வந்தாள். அவர் மனைவி பாஞ்சாலி. ஒல்லியான, முழங்கை எலும்பு துருத்திய பெண். இடுப்பில் குடம், கையில் பித்தளைச் சொம்பு. "வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்கண்ணா" என்று நீட்டினாள்.

சொம்பில் தண்ணீர் பாதிக்கு மேல் இருந்தது. கொஞ்சம் கலங்கல். அது எப்படி வந்த தண்ணீர் என்று நூர் பாஷாவுக்குத் தெரியும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. "நோன்பும்மா. பொழுது எறங்கறவரைக்கும் குடிக்கக் கூடாது" என்றார்.

அவளுக்கு அது புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வேண்டாம் என்பதற்கு அவர் ஏதோ மரியாதையாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். "நல்ல தண்ணிதானுங்க, வடிகட்டி வெச்சது" என்றாள் மெல்ல. அவர் தலையசைத்துக்கொண்டே நின்றார். சவுரியப்பன் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பாஞ்சாலி மீதியை இடுப்பிலிருந்த குடத்தில், விளிம்போடு சொம்பைச் சாய்த்து, ஒரு சொட்டு வெளியே போகாமல் ஊற்றிக்கொண்டாள். நூர் பாஷா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரியை மறுபடி இழுத்து வந்து ஷெட்டில் போட்டார்கள். அவர் அதைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன இருக்கும் என்று தெரியும். கார்க் கரியாகி, அந்தக் கரி எண்ணெயோடு ஓடி, வால்வுத் துளைகளையெல்லாம் அடைத்திருக்கும். முன்னைவிட மோசம். பெருநாளுக்குப் புதுத் துணி உடுத்தி ஈத்கா மைதானத்தில் தொழுதுவிட்டு வந்தார், குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார், ஒன்றும் ருசிக்கவில்லை.

தீர்த்தகிரி பிறகு வரவில்லை. வாரங்கள் போயின. அவர் வராதது நூர் பாஷாவுக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. பிறகு உறுத்தியது. ஒருநாள் சவுரியப்பன் ஷெட்டுக்கு வந்து, உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கல்லுப்பள்ளத்துல அந்தம்மா செத்துப் போச்சு பாய்."

"எந்தம்மா?"

"சொம்புல தண்ணி குடுத்துதே. தீர்த்தகிரி சம்சாரம். கெணத்துக்குள்ள எறங்கி மொண்டுக்கிட்டு இருந்திருக்குது. பக்கச் சொவரு பேந்து மேல உழுந்துருச்சு. கல்ல எடுத்துத் தூக்கறதுக்குள்ள..."

நூர் பாஷா கையிலிருந்த ஸ்பானரை வைக்க இடம் தேடுவதுபோலச் சுற்றிலும் பார்த்தார். அப்புறம் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "எப்ப?" என்று கேட்டார். போன வாரம் என்றார் சவுரியப்பன்.

துக்கம் கேட்கப் போகவேண்டும் என்று மூன்று நான்கு தடவை கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவார். நல்லம்பள்ளி பஸ் வந்து நின்று, ஆட்கள் ஏறி, கிளம்பிப் போகும். அவர் நின்ற இடத்திலேயே நிற்பார். அந்த ஊருக்குள் எந்த முகத்தோடு போவது? யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அவர்கள் கேட்க மாட்டார்கள் என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

ஆவணிக் கடைசியில் மரப்பெட்டி வந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து மிஷன் ஜீப்பில் ஏற்றி வந்து ஷெட்டில் இறக்கினார்கள். ஆணியைக் கழற்றித் திறந்தால், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய புதுத் தட்டுகள், சீல்கள், ரிங்குகள், பம்புச் சக்கரம். மாசியில் வந்திருந்தால் நூர் பாஷா அவற்றைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கியிருப்பார். இப்போது ஒவ்வொன்றாக எடுத்துத் துணிமேல் வைத்தார்.

அவர் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை அதுதான். கியர் பெட்டியின் ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெய் பாய்ச்சி, காற்று அடித்து, கரி எல்லாம் போகும்வரை கழுவினார். வால்வுகள் தம் எடையிலேயே வழுக்கி இறங்குகின்றனவா என்று ஒவ்வொன்றையும் நிமிர்த்திப் பார்த்தார். புதுத் தட்டுகளை எண்ணெயில் ஊறப்போட்டு, மறுநாள் எடுத்து அடுக்கினார். இடைவெளியை அளந்தார், பிரித்தார், மறுபடி அளந்தார். சீல்களை விரலால் எண்ணெய் தடவி, ஓரம் மடங்காமல் உட்கார வைத்தார். பீடிகூடப் பிடிக்கவில்லை. யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் காதில் விழாததுபோல இருந்தார். சந்தோஷமாகச் செய்தாரா என்று கேட்டால், இல்லை. பிணத்தைக் குளிப்பாட்டுகிறவர்கள் எவ்வளவு பக்குவமாகச் செய்வார்களோ அப்படிச் செய்தார்.

சவுரியப்பன் ஓட்டிப் பார்த்தார். தொப்பூர் கணவாய் இறங்கி, முழு எடையோடு திரும்பி ஏறினார்கள். கியர் மாறுவதே தெரியவில்லை. எஞ்சினின் குரல் ஒருபடி இறங்குவதை வைத்துத்தான் மாறியது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"வெண்ண மாதிரி போவுது பாய்! புதுசுல கூட இப்படி இருந்திருக்காது!"

"சரி" என்றார் நூர் பாஷா. "நாளைக்கு அந்த ஊருக்குப் போலாம்."

கல்லுப்பள்ளத்து மேட்டை லாரி ஒரே மூச்சில் ஏறியது. முன்பு நின்றுபோன இடத்தை அது தாண்டியதைக்கூட நூர் பாஷா கவனிக்கவில்லை. கண்ணைக் கீழே வைத்திருந்தார். ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மாண்டியா பக்கம் கரும்பு வெட்டவும், பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள் என்றார்கள். இருந்தவர்கள் வந்து நின்றார்கள். கயிறு பிடிக்க வந்த கூட்டத்தில் கால்வாசி இருக்கும். தீர்த்தகிரி இருந்தார். மொட்டையடித்த தலையில் முடி கொஞ்சம் முளைத்திருந்தது. நூர் பாஷா அவரிடம் போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தீர்த்தகிரி, "வாங்க பாய்" என்று மட்டும் சொன்னார்.

சுண்ணாம்பு அடையாளம் அழிந்துபோயிருந்தது. தேடி, கல் வைத்து, புதிதாக அடையாளம் போட்டார்கள். இயந்திரம் கிளம்பியது. பெட்டியின்மேல் கை வைத்துப் பார்த்தார் நூர் பாஷா. சூடு அளவாக இருந்தது. அழுத்தம் காட்டும் முள் அசையாமல் நின்றது. துளை போடும் இரும்புத் தண்டு ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கியது. முதலில் செம்மண் புழுதி, பிறகு சாம்பல், பிறகு வெள்ளைப் பாறைமாவு. ஒரு கட்டத்தில் மாவு உருண்டை உருண்டையாக வந்தது. "ஈரம்! ஈரம்!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் முன்னால் வந்தார்கள். ஒரு கிழவி கையைக் கூப்பினாள். எல்லோரும் துளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தண்டு இறங்குவதற்குள் மாவு மறுபடி உலர்ந்து, காற்றில் பறந்து, நின்றவர்களின் முடியையும் புருவத்தையும் வெளுப்பாக்கியது. கடைசித் தண்டு வரைக்கும் அப்படியேதான். மறுநாள் சரிவில் இன்னொரு இடத்தில் போட்டார்கள். அங்கே ஈரம்கூட வரவில்லை. சுத்தமான, மாவு அரைத்ததுபோன்ற வெள்ளைப் புழுதி.

இயந்திரத்தை நிறுத்தியதும் அந்த மேடே செவிடாகிவிட்டதுபோல இருந்தது. தீர்த்தகிரி குனிந்து ஒரு கை புழுதியை எடுத்தார். விரல்களுக்கு நடுவே அதை விட்டார்.

"அவ்ளோதானுங்களா?"

"இந்த எடத்துல இல்லீங்க" என்றார் சவுரியப்பன்.

"சரிங்க" என்றார் தீர்த்தகிரி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

திரும்பி இறங்கும்போது சவுரியப்பன் மெதுவாகவே ஓட்டினார். தார் ரோடு வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பாய், ஒண்ணு சொல்றேன், கேளு. நீ உள்ளாற எதையோ வெச்சுக்கிட்டுப் புழுங்கறது எனக்குத் தெரியும். யோசிச்சுப் பாரு. அன்னிக்கே வண்டி மேல ஏறியிருந்தாலும் இங்க தண்ணி வந்திருக்காது. அந்தம்மா அந்தக் கெணத்துலதான் எறங்கியிருக்கும். உன்னால ஒண்ணும் ஆவல. வுட்டுரு."

"நிறுத்து" என்றார் நூர் பாஷா.

"என்ன?"

"வண்டிய நிறுத்து, சவுரி."

நிறுத்தினார். நூர் பாஷா இறங்கி ரோட்டோரப் புளியமரத்தடியில் போய் நின்றார். சிநேகிதர் நல்லதைத்தான் சொன்னார். கணக்கும் சரிதான். ஆனால் அதைக் கேட்டதும் நெஞ்சில் கடைசியாக இருந்த ஒரு பிடிமானமும் போய்விட்டது. இத்தனை மாதமாகத் தன்னால்தான் அவள் செத்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது எரிந்தது, ஆனால் அப்படி நினைத்ததில் ஒரு அர்த்தமாவது இருந்தது. தன் கை சரியாக வேலை செய்திருந்தால் ஒரு உயிர் நின்றிருக்கும் என்று இருந்தது. இப்போது கை சரியாக வேலை செய்து முடித்துவிட்டது. அதனால் ஒன்றும் இல்லை. சரியாகச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்தப் பாறைக்கு ஒன்றுதான். குற்றவாளியாக இருக்கக்கூட அவருக்கு இடமில்லாமல் போயிற்று. மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். சவுரியப்பன் இறங்கி வரவில்லை; எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கின்மேல் தலையை வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த கியர் பாக்ஸ் பிறகு ஒருநாளும் தகராறு செய்யவில்லை. அரூர்ப் பக்கமும் பாலக்கோட்டுப் பக்கமும் எத்தனையோ ஊர்களில் அந்த லாரி துளை போட்டது. பல ஊர்களில் தண்ணீர் வந்தது. மிஷன் ஆட்கள் நூர் பாஷாவைப் பாராட்டிச் சால்வை போட்டார்கள். வெளிநாட்டு ஆட்டோமேட்டிக் கியரையே பிரித்து மாட்டிய ஆள் என்று சேலம் வரைக்கும் பேச்சுப் பரவியது. ஒரு குவாரிக்காரர் அதே மாதிரிக் கியர் உள்ள ஒரு பழைய டிப்பரைக் கொண்டுவந்தபோது, நூர் பாஷா தொட மறுத்துவிட்டார். ஏன் என்று ஷகிலா கேட்டாள். "எனக்கு அது தெரியாது" என்றார். வழக்கமான லாரிகளின் கியரை மட்டும் பார்த்துக்கொண்டார். லீவர்மேல் கை வைத்துக் கண்ணை மூடுவதை விட்டுவிட்டார்; பிரித்துப் பார்த்தே பழுதைச் சொன்னார்.

ஐப்பசியில் மழை பெய்தது. நின்று, அடித்துப் பெய்தது. ஏரிகள் நிறைந்தன.

அடுத்த தை மாதத்தில், ஊருக்குத் திரும்புகிற தன் மச்சானை ரயிலேற்ற நூர் பாஷா மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். பிளாட்பாரத்தின் கோடியில், மூட்டையும் தகரப் பெட்டியுமாக ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. தீர்த்தகிரி, இரண்டு பிள்ளைகள், அவருடைய தாய். நூர் பாஷா அருகே போனதும் தீர்த்தகிரி எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

"எங்க கவுண்டரே?"

"பெங்களூருக்குங்க. மச்சினன் அங்க சென்ட்ரிங் வேலை பாக்கறான், வரச் சொன்னான்."

"மழதான் பேஞ்சிருச்சே. வெள்ளாம பண்ணலாமே?"

தீர்த்தகிரி தண்டவாளத்தைப் பார்த்தார். "கெணறு ரொம்பிப் போச்சுங்க பாய். கைய நீட்டினா மொள்ளலாம், அவ்ளோ மேல வந்துருச்சு. ஊர்ல எல்லாரும் அதுலதான் எடுக்கறாங்க. பசங்களும் குடிக்குதுங்க. என்னால முடியலீங்க. வாய்ல வெச்சா எறங்க மாட்டேங்குது." மூட்டையின் முடிச்சை இறுக்கினார். "மத்தபடி ஊரு நல்லாத்தான் இருக்குது."

ரயில் வந்தது. நூர் பாஷா மூட்டைகளைத் தூக்கிக் கொடுத்தார். கிழவியைக் கைபிடித்து ஏற்றிவிட்டார். தீர்த்தகிரி கடைசியாக ஏறி, வாசலில் நின்று, "வூட்டுல எல்லாரையும் கேட்டதா சொல்லுங்க" என்றார். நூர் பாஷா தலையாட்டினார். வண்டி நகர்ந்தது. மச்சான் அதே ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினான் என்றுகூட அவர் பார்க்கவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே வந்தபோது தர்மபுரி பஸ் கிளம்பத் தயாராக நின்றிருந்தது. உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேரும்வரை நின்றுகொண்டே வந்தார். வழியெல்லாம் இரண்டு பக்கமும் வயல்கள் பச்சையாக இருந்தன.